முடிவு தரையிலேயே எடுக்கப்பட வேண்டும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ராணுவ ஜெட் பயிற்சி விமான விபத்துகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தரையை விட்டுக் கிளம்பியதுமே எஞ்சின் நின்றுபோன விமானத்தை எப்படியாவது ஓடுபாதைக்குத் திருப்பிக் கொண்டுவரப் போராடியவர்களை வீரர்கள் என்றும், எஜெக்ஷன் சீட்டில் (ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே எறிந்து பாராசூட்டில் இறக்கும் அமைப்பு) வெளியேறியவர்களை ‘விமானத்தைக் கைவிட்டவர்கள்’ என்றும் எழுதியிருப்பதை என்னால் விட்டுவிட முடியவில்லை. பல வருடங்கள் ஜெட் விமானத்தின் பின் சீட்டில் உட்கார்ந்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ‘கைவிட்டவர்’ என்ற அந்தப் பேச்சு ஒரு இளம் விமானியின் மனதில் ஒட்டிக்கொண்டால், அந்த சீட்டின் கைப்பிடியை இழுக்க வேண்டிய நேரத்தில் அவன் தயங்குவான். அந்தத் தயக்கம் ஆளைக் கொல்லும்.

டேக்-ஆஃப் சில வினாடி வேலை. 120 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 222 கிலோமீட்டரில், விமானம் வினாடிக்கு 60 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. தீ எச்சரிக்கை விளக்கு எரிகிறது, நிஜமான தீயா, விளக்குதான் பழுதா என்று இரண்டு வினாடி யோசித்தால் 120 மீட்டர் ஓடுபாதை போய்விட்டது. அதற்குள் வேகமும் ஏறியிருக்கும். 100 நாட் வேகத்தில் நிறுத்துவதைவிட 120 நாட் வேகத்தில் நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் அதிகம். வெயில் நாளில் காற்று லேசாகி எஞ்சினின் உந்துவிசை குறையும், ஓட்டம் நீளும், நிறுத்துவதற்கு மிஞ்சுகிற தூரம் சுருங்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும், அன்றைய வெப்பநிலை, காற்று, எடை எல்லாவற்றையும் வைத்து, எந்த வேகம் வரை நிறுத்தலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறோம். அதற்குக் கீழே கோளாறு வந்தால் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கீழே இழு, பிரேக்கை மிதி, நிற்காவிட்டால் ஓடுபாதை முனையில் இருக்கிற தடுப்பு வலையில் நேராகப் போய் விழு. அதற்கு மேலே போய்விட்டால் கதை வேறு. டி-38 போல இரண்டு எஞ்சின் உள்ள பயிற்சி விமானம் மிச்சமிருக்கிற ஒன்றை வைத்து மேலேறலாம், அதற்குத் தேவையான வேகம் வந்திருந்தால். சில நாட்களில் நிறுத்தக்கூடிய வேகம், ஏறத் தேவையான வேகம் என்ற இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழும், நிறுத்தவும் முடியாது, ஏறவும் முடியாது. அப்படி ஒரு இடைவெளி இருக்கிறது என்பது காக்பிட்டில் ஏறுவதற்கு முன்பே மாணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹாக் போன்ற ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எஞ்சின் போனால் இருக்கிற வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு வெளியேறுவதுதான்.

ஓடுபாதையில் நேராக நின்று, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை ஏற்றுவதற்கு முன்னால் மாணவனை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். “இந்த வேகத்துக்குள்ள எதுவானாலும் நிறுத்துறேன் சார். மேலே போயிட்டா நேரா ஏறுறேன், திரும்ப மாட்டேன், நான் சொன்னதும் நீங்க எஜெக்ட் பண்ணுங்க.” கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறானா, அன்றைய எண்ணோடு சொல்கிறானா என்பது குரலிலேயே தெரிந்துவிடும். ஒப்பித்தால் மறுபடி முதலிலிருந்து.

திரும்ப மாட்டேன் என்று சொல்ல வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உயரம் இழக்காமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால், விமானம் விழாமல் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் கூடிவிடும், எஞ்சின் இல்லாதபோது வேகமோ குறைந்துகொண்டே வரும். 2018 மார்ச்சில் வேல்ஸில் உள்ள ஆர்.ஏ.எஃப். வேலி என்ற பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தில் அவர்களின் சாகச அணியான ரெட் ஆரோஸின் ஹாக் ஒன்று விழுந்தது எப்படி என்று பாருங்கள். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. கிளம்பியதும் எஞ்சின் போனால் எப்படித் திரும்புவது என்ற பயிற்சியில் இருந்தார்கள். விமானி வெளியேறிவிட்டார், பின்னால் இருந்த பொறியாளர் இறந்தார். 2020 மே மாதம் கனடாவின் கம்லூப்ஸில் அந்நாட்டு விமானப்படையின் சாகச அணியான ஸ்னோபேர்ட்ஸின் டியூட்டர் என்ற ஒற்றை எஞ்சின் ஜெட் கிளம்பியதும் பறவை எஞ்சினுக்குள் போனது. விமானி ஏறி, விமான நிலையத்தை நோக்கித் திருப்பினார், திருப்பத்திலேயே மூக்கு கீழே சாய்ந்தது. இருவரும் எஜெக்ட் செய்தார்கள், ஆனால் மிகத் தாழ்வில். உடன் இருந்த அதிகாரி இறந்தார், விமானி பலத்த காயத்தோடு பிழைத்தார். இரண்டு விபத்திலும் இறந்தவர் விமானியல்ல என்பதை உங்கள் கட்டுரையாளர் கவனித்தாரா? விமானி தயங்கும் ஒவ்வொரு வினாடியையும் பக்கத்தில் காத்திருப்பவரும் இழக்கிறார்.

அதே வகை டியூட்டர் இன்னொன்று, 2022 ஆகஸ்டில் அதே கனடாவில், ஃபோர்ட் செயின்ட் ஜானில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சக்தியை இழந்தது. எண்ணெய் வடிகட்டியைச் சரியாகப் பூட்டாததுதான் காரணம். விமானி திரும்ப நினைக்கவில்லை, நேராக முன்னாலேயே இறக்கினார், காயமில்லை. இதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

எஜெக்ஷன் சீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தரையில் நிற்கிற விமானத்திலிருந்துகூடக் காப்பாற்றும் சீட்டுகள் இன்று இருக்கின்றன, உண்மைதான். ஆனால் விமானம் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால், அல்லது சாய்ந்திருந்தால், அதே சீட்டுக்கு அதிக உயரம் வேண்டும். சீட் கிளம்புகிற திசையும் விமானத்தின் கீழ்நோக்கிய வேகமும் பாராசூட் விரிவதற்கான நேரத்தைத் தின்றுவிடும். ஆகவே இறக்கைகள் மட்டமாக, மூக்கு மேலே இருக்கும்போதே இழுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்பவர்களுக்கு அந்த நிலை திரும்பக் கிடைப்பதில்லை.

முன்னால் வீடுகள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கம்லூப்ஸில் விமானம் குடியிருப்புப் பகுதியில்தான் விழுந்தது. மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு அருகே எஜெக்ட் செய்ய நேரும் அவசரத்தில் எதற்கு முன்னுரிமை என்று தெளிவான உத்தரவு வேண்டும் என அந்த விசாரணையே பரிந்துரைத்தது. எந்த ஓடுபாதை, எந்தப் பக்கம் வெற்று நிலம், எத்தனை டிகிரி மட்டும் திருப்பலாம் என்பதையும் தரையிலேயே பேசி முடிக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகு அதை யோசிக்க எந்த மூளைக்கும் நேரம் இருக்காது, அனுபவசாலியின் மூளைக்கும்கூட.

அடுத்த முறை இப்படி ஒரு விபத்தைப் பற்றி எழுதும்போது விமானத்தின் விலையை முதல் பத்தியில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளம்புவதற்கு முன் என்ன பேசிக்கொண்டார்கள், பக்கத்தில் இருந்தவருக்கு விமானி எந்த உயரத்தில் ‘எஜெக்ட்’ என்று சொன்னார் என்று விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜெட் பயிற்றுநர் ஒருவர்