செயலாளரின் ஆண்டறிக்கை: சிந்தனைப் பரிசோதனைகளோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் இயங்கும் எமது அறிவியல் வட்டத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைச் சபை முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. மாரிமழையில் மட்டும் சில தள்ளிப்போயின. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுவதும் நாம் எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றியே கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கருவியில் செய்யாமல் மனத்திலேயே நடத்திப் பார்க்கும் சிந்தனைப் பரிசோதனையைச் செயற்குழு தெரிவுசெய்தபோது, "கற்பனை பண்ணி விஞ்ஞானம் படிக்கலாமோ?" என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு. எதை எடுகோளாக வைக்கிறோம், எதைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பிறகு வரும் முடிவு பிடிக்காவிட்டாலும் ஏற்கத்தான் வேண்டும்.

கலிலியோவில் தொடங்கினோம். பாரமான கல்தான் வேகமாக விழும் என்று வைத்துக்கொள்வோம். அதோடு ஒரு சிறு கல்லைக் கட்டிவிட்டால், மெதுவாக விழும் சிறுகல் பெரியதைப் பின்னுக்கு இழுக்கும், வேகம் குறையவேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் பாரம் கூட; வேகமும் கூடவேண்டும். இரண்டும் ஒருங்கே நடக்காது. 1638இல் அவர் வெளியிட்ட நூலில் உள்ள இந்த வாதம், ஒரு கல்லையும் கையில் எடுக்காமலே பழைய நம்பிக்கையை உடைத்தது. "அப்ப இறகு ஏன் மெதுவா விழுது, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டார். காற்றுத்தான் காரணம். 1971இல் அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் காற்றில்லாத சந்திரனில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட, இரண்டும் ஒன்றாகவே விழுந்த காணொளியை அன்றே போட்டுக் காட்டினோம்.

ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் நியூற்றனின் பீரங்கி பற்றியது. அவர் இறந்தபின் 1728இல் வெளியான நூலில், உயர்ந்த மலையொன்றிலிருந்து கிடையாகச் சுடும் பீரங்கி வருகிறது. நாங்கள் அதைக் கோணேசர் மலையில் கிழக்குப் பார்க்க வைத்தோம். காற்று இல்லை என்பது எடுகோள். குண்டு முதல் செக்கனில் 4.9 மீற்றர் விழும். 7.9 கிலோமீற்றர் போனால் பூமியின் மேற்பரப்பும் வளைந்து அதே 4.9 மீற்றர் தாழ்ந்திருக்கும். ஆகவே செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்தில் போகும் குண்டு விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் தரையைத் தொடாது. சுமார் 84 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடும்.

உயர்தர மாணவர் ஒருவர் எழுந்து, குண்டு எங்கள் அகலக்கோட்டிலேயே போகுமா என்று கேட்டார். போகாது. ஈர்ப்பு பூமியின் மையத்தை நோக்கியது என்பதால், வடக்கு 8½ பாகையில் புறப்பட்டது மத்திய கோட்டைக் கடந்து தெற்கு 8½ பாகை வரை போய்த்தான் திரும்பும். திரும்பும்போது கோணேசர் மலை அங்கே இருக்காது! அதற்குள் பூமி கிழக்கே 21 பாகை சுழன்றிருக்கும். குண்டுக்குக் கீழே அரபிக்கடல்தான். மண்டபத்தைப் பூட்ட வந்தவரும் திறப்போடு நின்று இதைக் கேட்டார்.

சீராக ஓடும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவருக்குக் கப்பல் ஓடுவது தெரியாது என்ற கலிலியோவின் 1632ஆம் ஆண்டு வாதம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 2009இல் பாலம் திறக்குமுன் கிண்ணியாவுக்குப் பாதை எனப்படும் மிதவைப் படகில் போய்வந்த மூத்தவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். 16 வயதில் ஒளிக்கதிரைத் துரத்திப் பார்க்க நினைத்த ஐன்ஸ்ரைனைச் சாதாரண தர மாணவர்களிடமே விட்டோம். அவர்களுக்கும் அதே வயது.

ஆய்வுகூட வசதிக் குறைவைச் சிந்தனைப் பரிசோதனை மூடிமறைத்துவிடக்கூடாது என்று செயற்குழுவில் ஒருவர் வாதிட்டார். அவர் பக்கமே நானும் நிற்கிறேன். ஓடும் கப்பலின் பாய்மரத்திலிருந்து போடும் கல் மரத்தடியிலேயே விழும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கசெண்டி 1640இல் பிரான்சின் மார்செய் கடலில் செய்தே காட்டினார். வரும் ஆண்டில் நாமும் உட்துறைமுகத்தில் வள்ளமொன்றில் செய்து பார்ப்பதாகத் தீர்மானம் நிறைவேறியுள்ளது.

பெட்டிக்குள் அடைத்த பூனை ஒரே நேரத்தில் உயிரோடும் இறந்தும் இருக்குமா என்று கேட்கும் ஷ்ரோடிங்கரின் பூனையையும் அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கிறோம். 1935இல் அவர் அதைச் சொன்னது வியப்பூட்டுவதற்கல்ல, அணுவுலகைப் பற்றிய அன்றைய குவாண்டம் விளக்கத்தை மறுத்துக் கேட்பதற்கு. அடிப்படை தெரியாமல் அதைத் தொடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

மண்டபமும் படம் காட்டும் கருவியும் தந்துதவிய அனைவருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்