கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரப் பயணச் சிறப்பிதழில் வந்த தீவுச் சைக்கிள் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளைப் பற்றிய பத்தியை உங்கள் கட்டுரையாளர் இப்படி முடித்திருக்கிறார்: “தீவுச் சாலை சின்னது, சமதளம், வழி தவறவே முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.” இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

நான் அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்தவள். மகன் எடின்பரோவில் வேலை பார்த்தபோது போனேன். தெற்கே வாட்டர்சே தீவில் தொடங்கி, வடக்கே லூயிஸ் தீவின் முனையில் இருக்கும் கலங்கரை விளக்கம் வரை 297 கி.மீ. தூரம், பத்துத் தீவுகள். கடலுக்குள் கல்லைக் கொட்டிப் போட்ட சாலைகள் சில தீவுகளை இணைக்கின்றன. இரண்டு இடங்களில் ஃபெர்ரி ஏற வேண்டும்: பாராவிலிருந்து எரிஸ்கேவுக்கு ஒன்று, பெர்னரேயிலிருந்து ஹாரிஸுக்கு இன்னொன்று. நடுவில் வரும் யூயிஸ்ட் தீவுகள் பெரும்பாலும் சமதளம் என்று எழுதியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஹாரிஸில் டார்பர்ட் என்ற ஊரைத் தாண்டியதும் கிளிஷம் மலையை ஒட்டி ஒரு ஏற்றம் வருகிறது. முட்டி இரண்டும் கெஞ்சும். அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று அடிப்பதால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் வழக்கம். உங்கள் கட்டுரையோ வடக்கில் ஸ்டார்னோவேயில் இறங்கித் தெற்கே வரச் சொல்கிறது. அப்படி வந்தவர்களை நான் எதிரே பார்த்தேன். இறக்கத்திலும் பெடல் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, பேசக்கூட மூச்சில்லாமல் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை லூயிஸிலும் ஹாரிஸிலும் பெரும்பாலான கடைகள் திறக்காது, சாப்பாட்டுக்குச் சனிக்கிழமையே வழி செய்துகொள்ள வேண்டும் என்பதையும் கட்டுரையில் காணோம்.

இது முதல் முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். அந்தமானைப் பற்றி நீங்கள் முன்பு வெளியிட்ட கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் வரை காட்டு வழியாக ‘சைக்கிளில் ஒரு சுகமான பயணம்’ போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். மும்பை செம்பூரில் எங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும் ஒரு பெண் அதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டே போனாள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. வண்டிகள் காவலோடு வரிசையாகத்தான் போகும், சைக்கிளில் போக அனுமதி கிடையாது. அந்தத் தடை நியாயமானது. அந்தச் சாலையின் ஒரு பகுதியை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2002இல் சொல்லியிருக்கிறது. அந்த மக்களை வேடிக்கை பார்க்கப் போவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை. எனக்கு வருத்தமெல்லாம், ஒரே ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டிய இதைச் சொல்லாமல் விட்டதில்தான். “அக்கா, பத்திரிகையிலேயே போட்டிருந்துதே” என்று சாவடி வாசலிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? பஸ் மேல் சைக்கிளை ஏற்றிப் போகலாம், கப்பலில் மாயாபந்தர் போகலாம் என்றெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் அவள் லீவு தீர்ந்துவிட்டது.

ஹெப்ரிடீஸ் கட்டுரையாளர் ‘எடுத்துக்கொண்டு கிளம்ப’ என்கிறாரே, சைக்கிளை விமானத்தில் எடுத்துக்கொண்டு போவது எப்படி என்று அவருக்குத் தெரியுமா? பெடல் இரண்டையும் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும், தெரியாதவர்கள் அதை இறுக்கிக்கொண்டே போவார்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, முன்சக்கரத்தைக் கழற்றி, டயரில் காற்றைக் குறைத்து, சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தும், பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு ஒருமுறை எனக்கு வளைந்து வந்தது. அந்தத் துண்டு ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு மாதிரி. தீவில் எங்கே போய்த் தேடுவது? கடலோரம் ஒரு நாள் ஓட்டிவிட்டு சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போடாமல் படுத்தால் காலையில் பழுப்பேறி நிற்கும். கட்டுரையில் இவற்றுக்கு இடமில்லை. சூரிய அஸ்தமனத்துக்கு மட்டும் முழுப் பக்கம்.

தனுஷ்கோடிக்கு நீங்கள் போட்ட சிறப்பிதழையும் வைத்திருக்கிறேன். 1964 புயலில் அழிந்த ஊரைப் பற்றி உருக்கமாகத்தான் எழுதியிருந்தீர்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தது பற்றியும் எழுதினீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து சைக்கிளில் போகிறவருக்கு வேண்டியது காற்றைப் பற்றிய ஒரு வரி. அதைத்தான் காணோம். ஆடி மாதத்தில் நான் போனபோது முனையை நோக்கிப் பறந்துகொண்டு போனேன். வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, “கச்சான் காத்து தள்ளிவிடுதும்மா, அதான் இந்த ஓட்டம். திரும்பும்போது தெரியும். தண்ணி வச்சிருக்கியா?” என்று கேட்டார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார்ச்சாலை, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. திரும்பி வரும்போது மணல் பறந்து கன்னத்தில் அறைந்தது. பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். அந்தப் பெரியவர் மூன்று வாக்கியத்தில் சொன்னது உங்கள் சிறப்பிதழில் ஒரு மூலையிலாவது இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை என்றால் வடாபாவ், லோக்கல் ரயில், மழை வெள்ளம். இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் உங்கள் பக்கங்களில் நான் பார்த்ததில்லை. ஏழு தீவுகளை இணைத்து உண்டான நகரம் இது. வெர்சோவாவில் சைக்கிளோடு படகேறி மட் ஐலண்டில் இறங்கலாம். அங்கிருந்து மார்வே, மறுபடி ஒரு படகில் மனோரி, பிறகு கோராய், உத்தன் வழியாக பயந்தர் வரை போய்விடலாம். வழியெங்கும் மூங்கில் சட்டங்களில் பொம்பில் மீன் காய்ந்துகொண்டிருக்கும். தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் நம் பிள்ளைகள் விடியற்காலையில் இந்த வழியில்தான் போகிறார்கள். 2009இல் திறந்த பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்திலும், 2024இல் திறந்த 21.8 கி.மீ. அடல் சேதுவிலும் சைக்கிளுக்கு இடமில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு ஓட்ட எங்களுக்கு மிஞ்சியது இந்தப் படகு வழிகள்தான். இதைப் பற்றி நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். நாலு வரியாகச் சுருக்கி, ‘மும்பை வாசகி’ என்று போட்டு, அதிலும் ‘கோராய்’ என்பதை ‘கோவா’ ஆக்கிவிட்டீர்கள். திருத்தம் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. நான் முப்பது வருஷமாக இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டைச் சேர்ந்தவள். அந்த மரியாதையாவது எனக்கு உண்டு என்று நினைத்திருந்தேன்.

லட்சத்தீவுக்கு இந்த முறை அரைப் பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது என்பது உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா தெரியாது? இதைப் படித்துவிட்டு யாராவது டிக்கெட் எடுத்தால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இனி தீவுக் கட்டுரை எது வந்தாலும் கீழே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். படகில் சைக்கிளை ஏற்றுவார்களா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, அனுமதி வேண்டுமா, எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், பஞ்சர் ஒட்ட அங்கே கடை உண்டா என்று எழுதினால் போதும். ஆறு வரிக்குள் அடங்கிவிடும். அஸ்தமனப் படத்தை ஒரு அங்குலம் குறைத்தால் இடம் கிடைக்கும். அந்தமான் கட்டுரைக்கும் ஹெப்ரிடீஸ் கட்டுரைக்கும் திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஆட்கள் இப்போதே டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தை முழுசாகப் போட இடமில்லை என்றால் தயவுசெய்து சுருக்க வேண்டாம். இதை விட்டுவிட்டுத் திருத்தத்தை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
செம்பூர், மும்பை