பொதுக்காட்டுத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் பொதுக்காட்டில் எடுத்துக்கொண்ட திருப்பணி நிறைவடைந்தது என்பதைக் குழு மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறது. நடைபாதையும் குட்டைக் கரையும் சீராகிவிட்டன. வேலியில் இருந்த திறப்புகளை அடைத்தாயிற்று. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் வாங்கிப் பார்க்கலாம். விரிவாகச் சொல்ல வேண்டியது உண்ணிச்செடி பற்றித்தான்.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி இது. காட்டுத் தரை முழுக்கப் படர்ந்து, மரக்கன்றுகளுக்கு வெளிச்சமே கிடைக்காமல் மூடியிருந்தது. மேலோடு வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். அதனால் தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வேரை அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டோம். வேர் காற்றில் காய்ந்துவிட்டால் மறுபடி ஊன்றாது. பழம் பழுக்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பறவைகள் தின்று விதையை எங்கெங்கோ போட்டுவிடும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்திருக்கலாமே என்று பலர் கேட்டீர்கள். காட்டில் கண்ட பறவைகளைக் குறிக்கும் பதிவேட்டைப் பார்த்துத்தான் வேண்டாம் என்று முடிவு செய்தோம். தவிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் கூடு கட்டுவது அந்தப் புதர்களில்தான் என்று நம் தன்னார்வலர்கள் குறித்து வைத்திருந்தார்கள். ஆகவே பட்டை பட்டையாக அகற்றி, அந்தந்த இடத்தில் களாவும் காரையும் சூரையும் நட்டோம். கூடு கட்டும் மாதங்களில் அரிவாளை உள்ளே கொண்டுபோகவில்லை.

குட்டையோரத்துப் பட்டமரத்தை விட்டுவைத்ததும் அப்படித்தான். குக்குறுவானும் மரங்கொத்தியும் பட்ட கிளையில்தான் பொந்து குடையும். அவை விட்டுப்போன பொந்தில் மைனா குடியேறும். நடைபாதைப் பக்கம் சாய்ந்திருந்த கிளைகளை மட்டும் இறக்கினோம். ஓரத்து எருக்கையும் தொடவில்லை, வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அந்த இலைதான் சாப்பாடு. சருகைக் கூட்டி எரிப்பதையும் நிறுத்திவிட்டோம். குளிர்காலத்தில் வந்து தங்கும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகைப் புரட்டித்தான் புழு பூச்சி தேடுகிறது. காடு பூங்கா மாதிரி சுத்தமாக இல்லையே என்று வருந்துகிறவர்களுக்குக் குழுவின் பதில் இதுதான்: காடு இப்படித்தான் இருக்க வேண்டும்.

பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அபூர்வமான பறவை வந்தால் எல்லாரும் எழுதுகிறோம், காக்கையையும் மைனாவையும் விட்டுவிடுகிறோம். கண்ணில் பட்ட எல்லாவற்றையும், எண்ணிக்கையோடு, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பறவைப் பதிவுகளைச் சேகரிக்க 2002 முதல் இயங்கும் ஈபேர்ட் இணையதளம் கேட்பதும் இப்படிப்பட்ட முழுப் பட்டியலைத்தான். சாதாரணப் பறவை குறைந்துகொண்டே வந்தால் அது வேறு எப்படியும் தெரியவராது. பூச்சி, செடிகளின் படங்களை நாளும் இடமும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றலாம், பெயர் தெரியாவிட்டாலும் அங்கே யாராவது சொல்வார்கள். ஆனால் கூட்டின் படத்தையோ இடத்தையோ தயவுசெய்து எங்கும் போடாதீர்கள்.

கிழக்கு ஓரத்து உண்ணிச்செடியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். நட்ட களா புதராகி மறைவு தரும்போது அதை எடுக்கலாம். அதுவரை ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும் உண்ணிக் கன்றுகளை, முக்கியமாகப் பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில், கையாலேயே பிடுங்க வேண்டியிருக்கும். இதற்கு முறை போட்டுக்கொள்ளும் தாள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பெயர் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு