புது லேப்டாப் வாங்குவதற்கு முன்

அன்புள்ள கதிருக்கு,

பாட்டுப் பதிவதற்காகத் தவணையில் புது லேப்டாப் எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதானே அவரிடம் சொல்லியிருக்கிறாய்? வேண்டாம். காரணத்தைப் போனில் சொன்னால் 'சரி அம்மா, சரி அம்மா' என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டோம். இரண்டாம் சரணத்தில் 'படக், படக்' என்று வரும் சத்தத்தை ஏதோ தாள வாத்தியம் என்று நினைத்து அப்பா தலையாட்டினார். நான் ஒன்றைக் கவனித்தேன். வயலின், கீபோர்டு பகுதிகளில் அந்தச் சத்தம் இல்லை. நீ பாடிய இடங்களில் மட்டுமே இருக்கிறது. அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. வாத்தியங்களைக் கம்ப்யூட்டர் கடைசியில் கோப்பாக்கும்போது நிதானமாக மறுபடி கணக்கிட்டுக்கொள்கிறது. உன் குரல் அப்படி இல்லை. பாடிய நொடியில் அதை வாங்கத் தவறினால் தவறியதுதான். அந்த ஓட்டைதான் 'படக்' என்று கேட்கிறது.

டாஸ்க் மேனேஜரில் பிராசசர் முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லை, அப்படியும் ஏன் இப்படி என்று கேட்டிருந்தாய். எங்கள் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். உன் கம்ப்யூட்டருக்கு வேகம் குறைவில்லை, அது நேரம் தவறுகிறது. கணக்கைப் பார். ஒரு வினாடி ஒலி 44,100 சாம்பிள்களாக, அதாவது சின்னச் சின்ன அளவீடுகளாக, பதிவாகிறது. பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் சாம்பிள்களின் அளவை, 256 என்று வைத்தால் 5.8 மில்லி வினாடிக்கு ஒரு முறை அடுத்த 256 சாம்பிள்கள் தயாராக இருக்க வேண்டும். பந்தியில் இலை காலியாவதற்குள் பரிமாறுகிறவர் வந்துவிட வேண்டும். சமையலறையில் அண்டா நிறையச் சோறு இருப்பதால் இலையில் இருப்பவருக்கு என்ன லாபம்? உன்னுடைய முப்பது சதவீதம் அண்டாவின் கணக்கு. எல்லா கோர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்துக் காட்டும் எண் அது. 5.8 மில்லி வினாடிக் கெடு ஒரே ஒரு முறை தவறியதை எந்தச் சராசரியும் காட்டாது. நீ பாட்டுப் பதியும் ரீப்பர் மென்பொருளிலேயே பெர்ஃபார்மன்ஸ் மீட்டர் இருக்கிறது, அதில் 'ஆர்டி சிபியூ' என்று, கெடுவுக்குள் முடிக்க வேண்டிய ஒலி வேலையின் சுமையைக் காட்டும் ஓர் எண் ஓடும். இனி அதைப் பார்.

பெரும்பாலும் நேரத்தைத் தின்பவை டிரைவர்கள்தான், அதாவது ஒவ்வொரு கருவியையும் விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள்கள். வைஃபை, கிராபிக்ஸ், பேட்டரி நிர்வாகம் ஆகியவற்றின் டிரைவர்களுக்கு, விண்டோஸ் செய்துகொண்டிருக்கும் மற்ற வேலைகளை நிறுத்திவைத்துவிட்டு இடையில் நுழையும் உரிமை உண்டு. ஒழுங்கான டிரைவர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கைக்கூட எடுக்காமல் வெளியேறிவிடும். மோசமானது இரண்டு மூன்று மில்லி வினாடி உட்கார்ந்துவிடும். ஒலிக்கு மிஞ்சுவது என்ன? போன மாதம் ஒருவர் விலை உயர்ந்த கேமிங் லேப்டாப் ஒன்றை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். உன்னுடையதைப் போல இரண்டு மடங்கு வேகம், அதே 'படக், படக்'. வைஃபையை அணைத்தோம், நின்றுவிட்டது. நீ தவணையில் வாங்கப் போகும் லேப்டாப்பிலும் வைஃபை இருக்கும், கதிர்.

அதனால் முதல் வேலை லேட்டன்சிமான் என்ற மென்பொருளை இறக்குவது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். வைஃபையுடன் பத்து நிமிடம் ஓடவிடு, வைஃபை இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிடு. அதிக நேரம் எடுத்த டிரைவரின் பெயரை அதுவே காட்டும். 'என்டிஐஎஸ்' என்று வந்தால் நெட்வொர்க். 'டிஎக்ஸ்ஜி' என்று தொடங்கினால் கிராபிக்ஸ். 'ஏசிபிஐ' என்றால் மின்சார நிர்வாகம். டிரைவர்களையும், லேப்டாப்பைத் துவக்கிவைக்கும் பயாஸையும் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் புதுப்பித்துக்கொள். பாடிப் பதியும் நேரத்தில் வைஃபை எதற்கு? அணைத்துவிடு.

பவர் அமைப்பில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடு. சில லேப்டாப்களில் அது இருக்காது. இருப்பதில் அதிகபட்சத்தில் வை. பிராசசர் கொஞ்சம் ஓய்வு கிடைத்தாலே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மறுபடி ஏறுவதற்குள் கெடு போய்விடும். அங்கேயே, சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் நிறுத்து. பதிவு செய்யும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும். வாத்திய ஒலிப்பதிவுகள் அடங்கிய சாம்பிள் நூலகம் இருக்கும் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் நேரடிச் சோதனையிலிருந்து விலக்கு. ஒன்டிரைவ் ஒத்திசைவைப் பதிவு முடியும் வரை நிறுத்திவை. அவ்வளவுதான். யூடியூபில் 'நூறு ரகசிய அமைப்புகள்' என்று சொல்லி ரெஜிஸ்ட்ரியைக் கிளறச் சொல்கிறவர்களை நம்பாதே. அவர்களை நம்பியவர்களால்தான் எங்கள் கடையில் பாதி வருமானம்.

இன்னொரு சந்தேகம். நீ அனுப்பிய படத்தில் உன் கழுத்தில் புளூடூத் ஹெட்போன் தொங்குகிறது. அதை மாட்டிக்கொண்டா கீபோர்டு வாசிக்கிறாய்? வழக்கமான புளூடூத் ஹெட்போனில் ஒலி காதுக்கு வருவதற்குள் நூறு மில்லி வினாடிக்கு மேல் ஓடிவிடும். எந்த பஃபரைக் குறைத்தும் அதைச் சரிசெய்ய முடியாது. வயர் உள்ள ஹெட்போன் வாங்கு. பரிசோதனையெல்லாம் அதற்குப் பிறகு.

பஃபரை ஒரே எண்ணில் வைத்துக்கொண்டு போராடுகிறாய் என்றும் நினைக்கிறேன். வாசிக்கும்போதும் பாடும்போதும் 128 போதும். உள்ளே வர 2.9, வெளியே போக 2.9, கருவி எடுத்துக்கொள்வது கொஞ்சம். காற்றில் ஒலி மூன்று மில்லி வினாடியில் ஒரு மீட்டர் போகிறது. ஆகவே அந்தத் தாமதம் இரண்டரை மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்பது போலத்தான். யாருக்கும் உறுத்தாது. பதிவு முடிந்து மிக்ஸிங்கில் உட்காரும்போது 1024-க்கு ஏற்றிவிடு, லேப்டாப் மூச்சு விடும். எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டரில் லிமிட்டரையும் லீனியர் ஃபேஸ் ஈக்யூவையும் முதலிலேயே போட்டு வைக்கும் பழக்கத்தை விடு. அவை வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்பவை. அதற்காக ஒலியை நிறுத்திவைத்தே அனுப்பும். நீ பஃபரில் மிச்சம் பிடித்த மில்லி வினாடிகளை எல்லாம் அவை எடுத்துக்கொள்ளும். கனமான வாத்திய டிராக்குகளை ஃப்ரீஸ் செய்து, அதாவது ஒலிக் கோப்பாக மாற்றி, வை. 96 கிலோ ஹெர்ட்ஸ் ஆசையும் வேண்டாம், வேலை இரட்டிப்பாகும். 24 பிட்டில் 48 கிலோ ஹெர்ட்ஸ் போதும்.

இனி பணம் செலவழிக்கிற விஷயம். மைக்கை லேப்டாப்பின் பக்கத்துத் துளையில் செருகித்தானே பாடுகிறாய்? மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டியான யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை, இரண்டு இன்புட் உள்ளதாக, வாங்கு. முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். விண்டோஸின் பொது ஒலிப் பாதை சுற்றுவழி என்பதால்தான் ஸ்டெயின்பர்க் நிறுவனம் 1997-இல் ஏசியோ என்ற குறுக்குவழியைக் கொண்டுவந்தது. ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் அந்தக் குறுக்குவழியைப் போலக் காட்டும் ஒட்டுவேலை. தயாரித்த நிறுவனமே எழுதிய ஏசியோ டிரைவருடன் வரும் கருவியாகப் பார்த்து வாங்கு. டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால், பாடும்போது உன் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். தாமதம் என்ற பேச்சே அங்கே இல்லை.

அடுத்தது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தேடும் இடம் ஊசியின் கீழே வருவதற்கே சராசரியாக 5.6 மில்லி வினாடி ஆகிறது. உன் 256 பஃபரின் கெடு கிட்டத்தட்ட முழுவதும் அதிலேயே முடிந்துவிடுகிறது, ஊசி நகர்கிற நேரம் தனி. இது தெரிந்துதான் உன் வாத்திய மென்பொருளான கான்டாக்ட் ஒவ்வொரு வாத்திய ஒலிப்பதிவின் தொடக்கத்தையும் முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைத்துக்கொள்கிறது. உன் எட்டு ஜிபி ரேம் பாதி அங்கே போய்விடுகிறது. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட்டால், அப்படி முன்கூட்டி ஏற்றும் அளவை கான்டாக்ட் அமைப்பில் குறைக்கலாம், ரேமும் மிச்சம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே வினாடிக்கு ஐந்நூறு எம்பிக்கு மேல் படிக்கும். அதைவிட வேகமான என்விஎம்இ ரகம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே. எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளை இருந்தால் அது சாட்டா ரகமா என்விஎம்இ ரகமா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு, இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

ரேம் கடைசியில். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை துளை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். ஒன்று காலியென்றால் இன்னோர் எட்டு ஜிபி போடு. இரண்டு பட்டைகள் சேர்ந்தால் பிராசசருக்கு ரேமோடு பேச இரண்டு வழிகள் கிடைக்கும். பெங்களூரில் எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேள், ரேம் விலை இப்போது நிலையாக இல்லை. பில் இல்லாமல் வாங்காதே.

உன் எட்டாம் தலைமுறை ஐ5-க்கு விண்டோஸ் 11 போகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் என்றாவது மாறித்தான் ஆக வேண்டும். பாட்டின் நடுவில் மாறாதே. இந்தப் பாட்டை முடித்து, எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகு மாறு. எஸ்எஸ்டி போடும் நாள் அதற்கு நல்ல நாள்.

மூடியைத் திறக்கிறபோது ஃபேனையும் சுத்தம் செய்துவிடு. சூடானால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தையின் மேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்கிற உனக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள், சும்மா சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.

சார்ஜர் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வருவதாக முன்பு ஒரு முறை சொன்னாய். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் அது எர்த் விவகாரம், லேப்டாப்பில் கோளாறு இல்லை. இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, வெளி இரைச்சலைக் கழித்துவிடும் டிஆர்எஸ் கேபிள் போட்டால் பெரும்பாலும் அடங்கும். வாடகை வீட்டில் மூன்று துளை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல். மூன்றாவது முள்ளை மட்டும் உடைக்காதே. உயிர் விஷயம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆர்டி சிபியூ முட்டிக்கொண்டு நின்றால் புது லேப்டாப் பற்றிப் பேசலாம், நானே பாதிப் பணம் தருகிறேன். அப்போதும் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. ஒரே டிராக்கில் வரிசையாகக் கோத்த பிளக்-இன்கள், அதாவது ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும், அங்கே உதவுவது ஒரு கோரின் வேகம்தான்.

லேட்டன்சிமான் காட்டும் திரையை இரண்டு முறையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எதையும் வாங்குவதற்கு முன்பு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மூடியைத் திறப்பதாக இருந்தால் அன்று வீடியோ அழைப்பில் கூப்பிடு. ஸ்குருக்களை எந்தத் துளையிலிருந்து எடுத்தாயோ அதே வரிசையில் ஒரு தாளில் ஒட்டி வை; நீளமான ஸ்குருவைத் தப்பான துளையில் முறுக்கினால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வந்துவிடும். அந்தச் சரணத்தை மறுபடி பாடிப் பதிந்ததும் அப்பாவுக்குத் தனியாக அனுப்பு. தாள வாத்தியம் எங்கே போயிற்று என்று கேட்பார், நீயே விளக்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா