சேரிங்கிராஸ் நீரூற்று ஓடட்டும்

ஐயா,

ஊட்டி சேரிங்கிராஸில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகள் முதலில் செல்போனை நீட்டுவது ஆடம்ஸ் நீரூற்றை நோக்கித்தான். சென்னை மாகாண ஆளுநராக இருந்து, 1881-ல் ஊட்டியிலேயே காலமான வில்லியம் பேட்ரிக் ஆடம் நினைவாக 1886-ல் எழுப்பப்பட்டது அது. கட்டணமும் கிடையாது, டிக்கெட் வரிசையும் கிடையாது. மார்க்கெட்டுக்குப் போகும் உள்ளூர்க்காரரும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

மே மாத மலர்க் கண்காட்சியை ஒட்டிக் காட்டும் அக்கறையை மற்ற மாதங்களிலும் காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. நீரூற்றைக் கெடுப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். தொட்டியில் விழும் சருகும் சாக்லேட் தாளும் மோட்டாரின் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குத்தான் எழும்பும். பாசி பிடித்துவிட்டால் நாற்றம் வேறு. வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவி, நீர் பீய்ச்சும் துளைகளைத் துடைக்க ஓர் ஆளை நியமித்தாலே போதும்.

குடிநீருக்கே திண்டாடும்போது இது தேவையா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீரூற்றில் தொட்டித் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றி வரும்படி செய்யலாம். காற்றில் சிதறுவதும் ஆவியாவதும்தான் இழப்பு. அதை ஈடுகட்ட, பக்கத்துக் கட்டடங்களின் கூரையில் விழும் மழைநீரைச் சேமித்தால் ஊருக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ்வேலி அணைத் தண்ணீரைத் தொட வேண்டியிருக்காது. காற்று பலமாக அடிக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிடலாம். இந்தப் பருவமழைக்கு முன்பே கூரை மழைநீரைச் சேமிக்கும் குழாய் வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பிங்கர்போஸ்ட், உதகை