நம்ம கோல்ஃப் வட்டம், புதுச்சேரி: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழு நடந்துச்சு, பொங்கல் கூடல் நடந்துச்சு, வேன் வச்சி சென்னை நந்தனம் கோல்ஃப் கோர்ஸுக்கு (மைதானத்துக்கு) ஒரு தடவ போயிட்டு வந்தோம். மழை மாசம் தவிர மாதக் கூட்டமும் நடந்துச்சு.

ஸ்காட்லாந்துல இருக்குற பழைய கோல்ஃப் மைதானம் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் பத்தின விளக்கத் தொடரைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா சங்கப் பணத்துல இது எதுக்குன்னு சிலர் கேட்டாங்க. இன்னைக்கு எல்லாரும் 18 ஹோல் (பந்தை அடிச்சுக் கொண்டுபோய் குழில போடுற பகுதி) ஆடுறோம்னா, 1764ல அங்க 22 ஹோலை 18ஆ குறைச்சதுதான் அதுக்கு ஆரம்பம். ஏழு கிரீன், அதாவது குழி இருக்குற வழவழப்பான புல்தரை, ரெண்டு ரெண்டு ஹோலுக்குப் பொது, அப்படிச் சேர்ற எந்த ஜோடி ஹோலோட நம்பரைக் கூட்டினாலும் 18 வரும். பங்கர்ங்கிற மணல் குழி மட்டும் 112, பலது முதல் அடி அடிக்கிற இடத்துல (டீ) நின்னா கண்ணுக்கே தெரியாது. நடுவுல வெட்டி விட்ட புல்வெளி (ஃபேர்வே) அகலமா கிடக்கும், எங்க வேணா அடிக்கலாம்னு தோணும், ஆனா தப்பான பக்கத்துல பந்து நின்னுச்சுன்னா அடுத்த அடி கிரீன்ல தங்காது. கை பலத்த விட மூளையத்தான் அது சோதிக்குது. 17வது ரோடு ஹோல் இப்ப 495 கஜம், பார் 4 (நாலு அடில முடிக்கணும்னு கணக்கு), கிரீனை ஒட்டி ஆழமா ஒரு பங்கர், பின்னாடி ரோடு, அதுக்கும் பின்னாடி மதில். 1978ல அங்க நடந்த ஓப்பன் போட்டில ஜப்பான் வீரர் நாகஜிமா கிரீனுக்கே வந்துட்டாரு, குழிய நோக்கி மெதுவா தட்டுன (புட் பண்ண) பந்து உருண்டு அந்த பங்கர்ல விழுந்து கடைசில அந்த ஹோலுக்கு 9 அடி ஆச்சு. 2000ல அதே போட்டி அங்க நடந்தப்ப டைகர் வுட்ஸ் நாலு ரவுண்டும் ஒரு பங்கர்ல கூட விழாம 19 அண்டர்ல, அதாவது பார் கணக்கை விட 19 அடி கம்மியா ஆடி, ஜெயிச்சாரு.

இதை வாயால சொன்னா புரியாதுன்னுதான் வீராம்பட்டினம் கடற்கரைல விடியக்காலைல அந்த ரோடு ஹோல் பங்கர் மாதிரி குழி வெட்டி, ஓரத்துல மணல் மூட்டை அடுக்கி ஆட வச்சேன். பந்து மூட்டைல பட்டு பட்டு காலடிக்கே திரும்பி வந்துச்சு, கடைசில ஒருத்தர் கிரீன் பக்கமே பாக்காம பின்னாடி திரும்பி அடிச்சு வெளிய எடுத்தாரு. அந்த கோர்ஸ் கத்துக்கொடுக்குறதே அதான். வலை இழுக்குறவங்க கால் இடறக்கூடாதுன்னு குழிய மூடிட்டுதான் கிளம்புனோம். வரேன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேர் வரல, ஃபோனும் எடுக்கல.

வரவு செலவு பொருளாளர்கிட்ட இருக்கு, கடன் இல்ல, கையிருப்பும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. ரெண்டு வருஷமா சந்தா கட்டாதவங்க கூட்டத்துல கேள்வி மட்டும் தவறாம கேக்குறாங்க, இது நியாயமில்ல. இடம் கொடுத்தவங்க, டீ வாங்கித் தந்தவங்க, நிர்வாகக் குழு எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் 14வது ஹோல்ல இருக்குற ஹெல் பங்கர எடுக்கலாம்னு இருக்கேன், அது ரொம்பப் பெருசு, குழி வெட்ட ஆளும் வேணும் மூட்டையும் வேணும். நிலுவை வந்துச்சுன்னா பொங்கலுக்கு அப்புறம் ஆரம்பிச்சிடலாம்.