எருமைக்குப் பசுவின் கணக்கு வேண்டாம்

தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறையினருக்கு,

வணக்கம். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.8 லட்சமாக இருந்த தமிழ்நாட்டு எருமைகள், 2019இல் 5.19 லட்சமாகக் குறைந்துவிட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கியது, ஆள் கிடைப்பதில்லை என்று காரணங்கள் பல. ஆனால் ஈன்ற எருமை உரிய காலத்தில் மறுபடி சினையாகாமல் வறட்டு மாடாக நிற்கும்போதுதான், ஒரு குடும்பம் அதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்கிறது.

பருவத்துக்கு வந்த பசு கத்தும், பிற மாடுகள் மேல் தாவும், ஊருக்கே தெரியும். எருமையிடம் ஊமைப் பருவம் அதிகம். இரவிலோ விடியலிலோ கொஞ்சம் வழும்பு ஒழுகும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், அவ்வளவுதான். விடிந்து வெயில் ஏறியதும் அந்த அடையாளமும் மறைந்துவிடும். கால்நடை மருந்தகம் திறக்கும்வரை காத்திருந்து சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டால், பல வேளைகளில் தருணம் தப்பிவிடுகிறது. அந்திக்கும் அதிகாலைக்கும் முறை வைத்து ஆள் அனுப்புங்கள். அது முடியாத ஊர்களுக்கு, நோய்ப் பரிசோதனை செய்த நல்ல முர்ரா இன எருமைக் கிடா ஒன்றையாவது கொடுங்கள்.

இன்னொரு இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. ஊசி போட்டு 21 நாள் கழித்து, அடுத்த பருவம் வரவேண்டிய நேரத்தில், எருமை கத்தவில்லை என்றால், சினை பிடித்துவிட்டது என்றே நம்புகிறோம். பிடிக்காத எருமையும் ஊமையாகவே இருக்கும்! வயிறு பெருக்கவில்லை என்று தெரியவருவதற்குள் மாதக்கணக்கில் தீவனச் செலவு வீணாகிவிடுகிறது. சினைக்காலமே சுமார் 310 நாள். 14 மாதத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற நான்கு மாதத்துக்குள் சினை நின்றாக வேண்டும். ஆகவே ஊசி போட்ட ஒவ்வோர் எருமைக்கும் இரண்டரை மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்வதைக் கட்டாயமாக்குங்கள்.

கறுத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட எருமை கோடையில் தவித்துப் பருவத்தையே அடக்கிவிடும். மழை பெய்து, பசும்புல் வந்து, பகல் குறுகும்போதுதான் தலைதூக்கும். மலட்டுத்தன்மை நீக்க முகாம்களைப் புரட்டாசி, ஐப்பசியில் நடத்துங்கள். வெறும் வைக்கோல் தின்னும் எருமைகளுக்குப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தாது உப்புக் கலவையை மானிய விலையில் தாருங்கள்.

இவற்றுக்கான ஏற்பாடுகளை வரும் மழைக்காலத்துக்கு முன்பே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எருமை வளர்க்கும் விவசாயி